ஒரு எம்ஜி மிட்ஜெட்டுக்குள் எஞ்சினை இரண்டு முறை இறக்கினோம்

எஞ்சினையும் கியர் பொக்ஸையும் ஒன்றாகப் பூட்டி, சங்கிலியில் தொங்கவிட்டு, வாலைச் சரித்து வண்டிக்குள் இறக்க முதல் முறை ஆறு மணித்தியாலம் எடுத்தது. இரண்டாம் முறை ஒன்றரை மணித்தியாலம். அந்த இரண்டாம் முறை தேவைப்பட்டதற்குக் காரணம் பெருவிரல் நுனியளவு ஒரு வெண்கல புஷ், அதாவது சாஃப்ட்டின் நுனி உள்ளே உட்காரும் சின்னக் குழாய். இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான். பழைய வண்டி வைத்திருக்கும் யாருக்காவது ஒரு நாள் வேலை மிச்சமானால் எனக்குச் சந்தோஷம்.

வண்டி மாமாவுடையது. 1965ஆம் ஆண்டு எம்ஜி மிட்ஜெட், மார்க் இரண்டு. இரண்டு பேர் இருக்கும் சின்ன ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். எழுபதுகளில் பதுளைப் பக்கம் தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரிடம் வாங்கி, செங்கலடிக்கு இறங்கும் அந்த நீளப் பாதையில் தானே ஓட்டிக்கொண்டு வந்தாராம். 1990க்குப் பிறகு அது மட்டக்களப்பு நாவற்குடாவில் எங்கள் வளவுக் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. வீடு வாவிப் பக்கம் என்பதால் 2004இல் கடல் வந்தபோதும் தப்பியது. ஆனால் உப்புக்காற்று தன் வேலையைச் செய்யாமல் விடவில்லை. எஞ்சின் இறுகிக் கிடந்தது. கியர் பொக்ஸுக்குள் தண்ணீர் போயிருந்தது. பெற்றோல் குழாய்க்குள் குளவி மண்ணால் கூடு கட்டியிருந்தது.

பார்க்கிறவர்கள் இதை அபூர்வமான வண்டி என்கிறார்கள். ஆனால் பொனற்றைத் தூக்கினால் உள்ளே இருப்பது நம் ஊர் மொரிஸ் மைனரின் சொந்தக்காரன். 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் 803 சிசியாகப் பிறந்த ஏ சீரிஸ் எஞ்சின்தான் பிறகு மைனருக்கும் மினிக்கும் இதற்கும் வந்தது. எங்களுடையது 1098 சிசி. சிலிண்டர் விட்டம் 64.58 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 83.72. மைனரில் ஒரு எஸ்யூ காபரேற்றர், 48 குதிரைவலு. மிட்ஜெட்டில் இரண்டு காபரேற்றர், 59 குதிரைவலு. அதனால் பிஸ்டன் ரிங், வால்வு, கஸ்கற் என்று பாதிச் சாமான் கொழும்பு பஞ்சிகாவத்தையில் மைனர் பேரைச் சொல்லித்தான் வாங்கினேன்.

இரண்டு இடத்தில் மட்டும் மைனரை நம்ப முடியாது. 1964க்குப் பிறகு வந்த 1098 சிசி மிட்ஜெட்டின் கிராங்கில், அதாவது பிஸ்டன்கள் சுற்றும் பிரதான தண்டில், மெயின் ஜேர்னல் (பெயரிங்கில் உட்காரும் பகுதி) 2 அங்குலம். மைனரில் 1¾ அங்குலம்தான், ஆகவே மைனர் கிராங் இந்த புளொக்கில் உட்காராது. மற்றது கிளச். மைனரில் பெடலிலிருந்து கிளச்சுக்கு இரும்புக் கம்பி போகும். மிட்ஜெட்டில் பிரேக் போலவே எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் சின்ன சிலிண்டர், கியர் பொக்ஸின் முன்னால் கிளச்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கில் பூட்டியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறது என்று மைனர் கியர் பொக்ஸை முழுதாக வாங்கிவந்தால் அந்த சிலிண்டரைப் பூட்ட இடம் இருக்காது.

எஞ்சின் வேலையை அதிகம் விவரிக்கவில்லை. புளொக்கைக் கல்முனைக்குக் கொண்டுபோய் இருபது ஓவர்சைஸுக்கு (அங்குலத்தின் ஆயிரத்தில் இருபது பங்கு பெரிதாக) போர் அடித்தோம். கிராங்கை மெருகேற்றிப் புது பெயரிங் போட்டோம். கியர் பொக்ஸில், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்களும் எல்லா பெயரிங்குகளும் புதிது. முதல் கியருக்கு இதில் சின்க்ரோவே கிடையாது, அதன் பற்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தன. அப்படியே விட்டோம்.

சரி, அந்த புஷ்ஷுக்கு வருகிறேன். கியர் பொக்ஸின் முன் சாஃப்ட் கிளச் பிளேற்றுக்குள்ளால் போய், அதன் நுனி கிராங்கின் பின்முனையில் உள்ள ஒரு புஷ்ஷுக்குள் உட்காரும். பைலற் புஷ் என்பார்கள். கிளச் பிடித்திருக்கும்போது கிராங்கும் சாஃப்ட்டும் சேர்ந்தே சுற்றுவதால் அதற்கு வேலை இல்லை. பெடலை மிதித்ததும் கிராங் சுற்றும், சாஃப்ட் நிற்கும். அப்போதுதான் அந்த நுனி புஷ்ஷுக்குள் உரசும். சாஃப்ட் ஆடாமல் நேரே நிற்பதும் அதனால்தான்.

பழைய புஷ் ஒரு பக்கம் தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தது. அதை எடுக்க ஒரு கைமுறை இருக்கிறது. துளை நிறையக் கிறீஸை அடைத்து, துளைக்குச் சரியாகப் பொருந்தும் இரும்புத் தண்டை உள்ளே வைத்துச் சுத்தியலால் அடித்தால், கிறீஸ் போக இடமில்லாமல் பின்னாலிருந்து புஷ்ஷைத் தள்ளும். ஏழு, எட்டு அடியில் வெளியே வந்துவிட்டது. முகத்தில் கிறீஸ் தெறிக்கும், பழந்துணி ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

புதிய புஷ்ஷைக் கல்முனையில் லேத் வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கட்டி வெண்கலத்தில் கடைந்து தந்தார். நான் கொடுத்த அளவு அப்படியே இருந்தது. சாஃப்ட் நுனியில் போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போய் அழகாக உட்கார்ந்தது. கிளச் பிளேற்றை நடுவில் நிறுத்துவதற்கு ஒரு மாதிரிச் சாஃப்ட்டும் அலுமினியத்தில் கடையச் சொன்னேன். போட்டு எடுக்க இலகுவாக இருக்கட்டும் என்று அதன் நுனியை மட்டும் ஒரு மயிரளவு மெல்லிதாக்கச் சொன்னதும் நான்தான். புஷ்ஷைக் கிராங்குக்குள் அடித்து இறக்கினேன்.

மழை ஓய்ந்து தை பிறந்த பிறகுதான் பூட்டத் தொடங்கினோம். மார்கழியில் எங்கள் வளவில் ஒரு நட்டைக் கழற்றி வைத்தாலும் விடியும்போது துரு ஏறியிருக்கும்.

இந்த வண்டியில் எஞ்சினும் கியர் பொக்ஸும் வெளியிலேயே ஒன்றாகப் பூட்டப்பட்டு ஒரே துண்டாகத்தான் உள்ளே போகவேண்டும். கியர் பொக்ஸ் உட்காரும் டனல் வண்டியின் உடம்போடு சேர்த்து வெல்டிங் செய்தது, அதைக் கழற்ற முடியாது. ஆகவே முதலில் தரையில் பலகை விரித்து, கிராங்கின் பின்னால் உள்ள கனமான சக்கரமான பிளைவீலில் கிளச் பிளேற்றை வைத்து, அலுமினியச் சாஃப்ட்டால் நடுவாக்கி, பிரஷர் பிளேற்றின் பொல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினோம். பிளேற் 7¼ அங்குலம். அதன் எந்தப் பக்கம் பிளைவீலைப் பார்க்கவேண்டும் என்பதை மூன்று முறை பார்த்துக்கொண்டேன். கிளச்சை அழுத்தும் கரி வளையமும் புதிது. அலுமினியச் சாஃப்ட் தடையில்லாமல் உள்ளே போனது, தடையில்லாமல் வெளியே வந்தது.

அப்புறம் கியர் பொக்ஸைத் தூக்கி எஞ்சினோடு சேர்த்தோம். மச்சான் பின்பக்கம் தாங்க, நான் முன்பக்கம் வழிகாட்டினேன். இந்த நேரத்தில் கியர் பொக்ஸின் பாரம் அந்த மெல்லிய சாஃப்ட்டில் தொங்கக் கூடாது. தொங்கினால் கிளச் பிளேற்றின் நடுப்பகுதி வளைந்துவிடும். அதனால் அடியில் பலகைத் துண்டுகளைக் கொடுத்து, உயரத்தைச் சரிபார்த்துச் சரிபார்த்துத் தள்ளினோம். சாஃப்ட்டின் ஸ்ப்ளைன், அதாவது நீளவாட்டுப் பற்கள், பிளேற்றோடு சேர்ந்தது. கிட்ட வந்தது. கடைசியில் கால் அங்குல இடைவெளி அப்படியே நின்றது. ஆட்டிப் பார்த்தோம், கிராங்கைத் திருப்பிப் பார்த்தோம், அசையவில்லை. பெல் ஹவுசிங் பொல்ட்டுகளைப் போட்டுச் சுற்றிவர இறுக்கினேன். சாதுவாக இழுபட்டு மூடிக்கொண்டது.

நான் செய்த பிழை அதுதான். எஞ்சினும் கியர் பொக்ஸும் கையால் தள்ளியே முகத்தோடு முகம் சேரவேண்டும். பொல்ட் போட்டு இழுக்க வேண்டியிருந்தால் உள்ளே ஏதோ ஒன்று ஒத்துவரவில்லை. இது எனக்கு முன்பே தெரிந்த விஷயம். அன்று மாலை நாலு மணி, மூவரும் களைத்துவிட்டோம், இன்றைக்கே இறக்கிவிடலாம் என்ற அவசரத்தில் என் கை கேட்கவில்லை.

தூக்குவதற்கு மாமரக் கிளையை நம்பவில்லை. மூன்று இரும்புக் குழாய்களைத் தலைப்பில் பொல்ட் போட்டுச் சேர்த்து முக்காலி செய்தோம். கால்கள் அகன்று போகாதபடி அடியில் சங்கிலியால் சுற்றிக் கட்டினோம். எங்கள் நிலம் மணல் என்பதால் ஒவ்வொரு காலுக்கும் கீழே தடித்த பலகை. அதில் ஒரு தொன் செயின் புளொக். தூக்கப்போகும் பாரம் இரண்டு நெல் மூட்டைக்கு மேல், செயின் புளொக்குக்கு அது தாராளம். முக்காலியை நகர்த்த முடியாது, ஆகவே எஞ்சினைத் தொங்கவிட்டு வண்டியைத்தான் தள்ளிக்கொண்டு வந்து கீழே நிறுத்தினோம்.

பொனற், றேடியேற்றர், டைனமோ, காபரேற்றர்கள், ஒயில் பில்டர் எல்லாம் வெளியே. கியர் லிவரையும் கழற்றிவிடவேண்டும். சங்கிலியை எஞ்சினின் முன்பக்கம் சற்று நெருக்கமாகக் கட்டினால் வால் தானாகக் கீழே சரியும். எங்களுக்கு ஏறக்குறைய 45 பாகைச் சரிவு வேண்டியிருந்தது. வால் டனல் வாசலுக்குள் நுழைந்ததும் சாதுவாக இறக்கிக்கொண்டே எஞ்சினைப் பின்னால் தள்ளவேண்டும். அதே நேரம் சரிவையும் குறைத்துக்கொண்டு வரவேண்டும். கியர் பொக்ஸின் வாலுக்கு அடியில் ஒரு ஜக்கை வைத்து அதை உயர்த்திக் கொடுத்தபோதுதான் இது லேசானது. ஒருவர் சங்கிலியில், ஒருவர் முன்னால், ஒருவர் வண்டிக்கடியில்.

வண்டிக்கடியில் இருப்பவருக்குத்தான் கஷ்டமான வேலை. டனலுக்குள் கிடக்கும், பின்சில்லுகளுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பலர் சாஃப்ட்டின் ஸ்ப்ளைன் வைத்த முன்முனையை, இறங்கிவரும் கியர் பொக்ஸ் வாலோடு சேர்க்கவேண்டும். கண்ணுக்குத் தெரியாது, கை போகவும் இடமில்லை. பின்பக்கம் டிபரென்ஷலோடு பூட்டும் நாலு பொல்ட்டையும் முதலே கழற்றி வைத்துக்கொண்டு, மச்சான் பின்னாலிருந்து சாஃப்ட்டைத் தள்ளியும் திருப்பியும் கொடுத்தார். "கிறுக்கு மனே, கிறுக்கு, இன்னும் கொஞ்சம்" (திருப்பு மகனே) என்று மாமா மேலேயிருந்து சொல்லிக்கொண்டேயிருந்தார். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு 'டொக்' என்று உள்ளே போன சத்தத்தை மூன்று பேரும் கேட்டோம்.

முன்பக்க ரப்பர் மவுண்ட் இரண்டும் உட்கார்ந்த பிறகு பின்பக்கக் குறுக்குச் சட்டம். எல்லாப் பொல்ட்டையும் விரலால் தொடக்கிவிட்டு, கடைசிப் பொல்ட்டும் துளையில் ஏறிய பிறகே இறுக்கவேண்டும். ஒன்றை முதலிலேயே இறுக்கினால் மற்றது துளைக்கு வராது. இடது பக்க மவுண்ட் தாங்கும் தகடு உப்பில் அரித்திருந்ததை நாங்கள் எஞ்சின் வெளியே இருந்தபோதே வெட்டிப் புதுத் தகடு வைத்து ஒட்டிவிட்டோம். எஞ்சின் உள்ளே போன பிறகு அந்த இடத்துக்கு வெல்டிங் கம்பி போகாது.

இணைப்புகளில் இரண்டைச் சொல்லவேண்டும். வெப்பமானியிலிருந்து எஞ்சின் தலைக்கு வரும் மெல்லிய செப்புக் குழாய் சுருண்டு முறிந்தால் மானியே போய்விடும், அதை முன்கூட்டியே ஓரமாகக் கட்டிவைக்க வேண்டும். மற்றது எஞ்சினிலிருந்து பொடிக்குப் போகும் எர்த் பட்டி. ரப்பர் மவுண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. பட்டியை மறந்து ஸ்டாட் பண்ணினால், ஸ்டாட்டர் மோட்டர் இழுக்கும் அவ்வளவு மின்சாரமும் சோக் கம்பி வழியாகப் போய் அதைச் சிவக்க வைத்துவிடும். இந்த வயது மிட்ஜெட்டில் பற்றரியின் நேர்முனைதான் பொடியோடு சேரும். இன்றைய வண்டிகளின் பழக்கத்தில் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

எஞ்சினுக்கு 3.7 லீற்றர் ஒயில், பில்டரையும் சேர்த்து. கியர் பொக்ஸுக்கு 1.3 லீற்றர், அதற்கும் எஞ்சின் ஒயில்தான். தடித்த கியர் ஒயிலை ஊற்ற வேண்டாம். பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஒயில் அழுத்த முள் எழும்பும் வரை ஸ்டாட்டரால் சுற்றினோம். பிறகு பிளக்கைப் போட்டு, 1-3-4-2 வரிசையில் வயரைச் சரிபார்த்து, சோக்கை இழுத்து விட்டதும் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. முப்பது வருடத்துக்கு மேல் கேட்காத சத்தம். மாமா ஒன்றும் பேசவில்லை. வந்து பொடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

பெடலை மிதித்து முதல் கியரைப் போட்டேன். கரகரவென்று பல் உரசியது. ரிவர்ஸும் அப்படியே. எஞ்சினை நிறுத்தினால் நாலு கியரும் வெண்ணெயாக விழுந்தன.

முதலில் கிளச் குழாயில் காற்று இருக்கும் என்று நினைத்து மூன்று முறை காற்றெடுத்தேன். சிலிண்டரின் தள்ளுகம்பி எவ்வளவு நகர்கிறது என்று அடியில் படுத்து அளந்தேன். அரை அங்குலத்துக்குக் கிட்ட நகர்ந்தது, அது போதும். ஆகவே பெடல் பக்கம் பழுதில்லை. மிச்சம் இரண்டு சந்தேகம். பிளேற் பிளைவீலில் ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது சாஃப்ட் நுனி புஷ்ஷுக்குள் இறுகியிருக்கலாம்.

இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. பின்பக்கத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து, முன்சில்லுகளுக்குக் கட்டை கொடுத்து, நாலாம் கியரில் பெடலை மிதித்தபடி ஸ்டாட் செய்தேன். பின்சில்லுகள் சுற்றின. பெடலை விடாமலே பிரேக்கைத் தொட்டேன். சில்லுகள் நின்றன, எஞ்சின் திணறவில்லை. பிளேற் ஒட்டியிருந்தால் எஞ்சின் அமுங்கி நின்றிருக்கும். சின்ன உரசல் ஒன்றுதான் சாஃப்ட்டை இழுத்துக்கொண்டு போகிறது. ஐந்து நிமிடம் ஓடிச் சூடேறியதும் அந்த இழுப்பு இன்னும் கூடியது. அப்போதே கால் அங்குல இடைவெளி என் நினைவுக்கு வந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு திரும்ப எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். கியர் பொக்ஸைப் பிரித்தபோது சாஃப்ட் நுனியில் வெண்கலம் மஞ்சள் கோடாக ஒட்டியிருந்தது. கிராங்கைக் கழற்றாமல், உள்விட்டத்தை மட்டும் அளந்து எழுதிக்கொண்டு கல்முனைக்கு பஸ் ஏறினேன். காக்கா எண்களைப் பார்த்தார்.

"தம்பி, இத அடிக்கிறதுக்கு முதல்ல அளந்தீங்களா, அடிச்ச பொறகு அளந்தீங்களா?"

முதலில் அளந்ததுதான். புஷ் கிராங்குக்குள் இறுக்கமாக நிற்பதற்காக வெளிவிட்டத்தில் அங்குலத்தின் ஆயிரத்தில் இரண்டு பங்கு கூட்டிக் கடைந்திருந்தோம். அதை உள்ளே அடித்ததும், வெளியே நெருங்கிய அளவில் பெரும்பங்கு உள்துளையிலும் சுருங்கியிருக்கிறது. கையில் வைத்திருந்தபோது வழுக்கிய துளை, உரிய இடத்தில் உட்கார்ந்ததும் சாஃப்ட்டை விடச் சின்னதாகிவிட்டது. அலுமினியச் சாஃப்ட்டின் நுனியை நான் மெல்லிதாக்கியதால் அதுவும் இதைக் காட்டிக்கொடுக்கவில்லை.

காக்கா ஒரு புதிய புஷ்ஷும், துளையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் ரீமர் ஒன்றும் தந்தார். வீட்டுக்கு வந்து, பழைய புஷ்ஷை எடுத்த அதே கிறீஸ் முறையில் இதையும் எடுத்து, அவர் தந்த புதியதை அடித்து, கிராங்கில் இருக்கும்போதே ரீமரைக் கையால் திருப்பி உள்ளே கடைந்தேன். சாஃப்ட்டுக்கும் புஷ்ஷுக்கும் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்கு இடைவெளி வந்தது. கடையில் வரும் எண்ணெய் ஊறும் வகைப் புஷ் என்றால் இப்படிக் கடையக் கூடாது, நுண்துளைகள் அடைபட்டுவிடும். அதை ஒரு இரவு எஞ்சின் ஒயிலில் ஊறவைத்து அப்படியே அடிக்கலாம். எங்களுடையது கட்டி வெண்கலம் என்பதால் உள்ளே மெல்லிதாகக் கிறீஸ் தடவினேன்.

இந்த முறை இன்னொன்றும் செய்தோம். கிளச்சைப் பூட்டுவதற்கு முன்னாலேயே, வெறும் பிளைவீலோடு கியர் பொக்ஸைக் கொண்டுவந்து எஞ்சினோடு சேர்த்துப் பார்த்தோம். ஒரு பொல்ட்டும் இல்லாமல் கையால் தள்ளியே முகத்தோடு முகம் ஒட்டியது. நாலாம் கியரில் விட்டு, இரண்டாவது ஆள் பிளைவீலைத் திருப்ப, பின்முனைத் துளையில் பற்களைப் பார்த்தேன். சாஃப்ட் அசையாமல் நின்றது. இந்தச் சோதனைக்குக் கால் மணித்தியாலம் போதும். பிறகுதான் பிரித்து, கிளச்சைப் பூட்டி, மறுபடி சேர்த்தோம். அப்போதும் கையாலேயே மூடியது. மச்சான் புரொப்பலர் சாஃப்ட்டை முதல் முயற்சியிலேயே பிடித்துவிட்டார்.

மாலையில் ஸ்டாட் செய்து பெடலை மிதித்தேன். வண்டி நிற்கும்போது முதல் கியர் சத்தமில்லாமல் விழுந்தது.

அடுத்த வாரம் கல்முனை வரை ஓட்டிக்கொண்டு போனோம். ஏறக்குறைய 40 கிலோமீற்றர். காத்தான்குடியில் பேரீச்ச மரங்களுக்கு நடுவே ஊர்ந்து, ஆரையம்பதி தாண்டியதும் மூன்றாம் கியருக்குப் போட்டுக் கொஞ்சம் விட்டேன். புது எஞ்சின் என்பதால் வேகத்தை மாற்றி மாற்றித்தான் ஓட்டினேன். களுவாஞ்சிகுடியில் நிறுத்தித் தண்ணீரும் ஒயிலும் பார்த்தோம். ஒயில் அழுத்தம் சூட்டிலும் 50 பிஎஸ்ஐக்குக் கீழே வரவில்லை. மாமா பக்கத்து இருக்கையில் இருந்தார். கல்லாற்றுப் பாலத்தில் ஏறியபோது கியர் மாற்றும் லிவரின் மேல் என் கைக்கு மேலே தன் கையை வைத்துக்கொண்டார்.

காக்கா லேத்தை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். பெடலை மிதிக்கச் சொல்லி, பெல் ஹவுசிங் பக்கம் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். "சரி" என்றார்.

திரும்பி வந்து அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். பெல் ஹவுசிங்கின் கீழே ஸ்பிளிற் பின் தொங்கும் துளையிலிருந்து இரவு முழுதும் மூன்று துளி ஒயில் விழுந்திருந்தது. இந்த எஞ்சினின் கிராங் பின்பக்கத்தில் ஒயில் சீல் கிடையாது, ஒயிலைத் திருப்பி அனுப்பும் புரி மட்டும்தான் இருக்கிறது. ஆகவே அந்த மூன்று துளியை விட்டுவிட்டேன். ஸ்பீடோ கேபிள் பாதி வழியில் முள்ளை ஆட்டுகிறது. அதை மாற்றவேண்டும். அதற்கு முன்னால் பின்பக்க பிரேக்.